ஒரு வேளைத் தண்ணீர்

காலை ஐந்தரைக்கு வேர்க்கடலைக் கொடிக் கட்டைப் பிரித்து, பின்பக்கச் சந்துச் சுவரில் நாலு அடி அடித்து மண் உதிர்த்து, ஆடுகளுக்குப் போடுவது தமயந்தியின் வேலை. அதை முடித்துவிட்டுத்தான் அப்பார்ட்மெண்டுக்குக் கிளம்புவாள். அங்கே கீழ்த்தளத்துப் பொதுக் கழிப்பறைகள் ஆறும் அவள் பொறுப்பு.

முன்பெல்லாம் தீனியைப் பற்றி அவள் கவலைப்பட்டதில்லை. புருஷன் எத்திராஜ் விடியற்காலையில் பெங்களூர் மர்பி டவுனிலிருந்து அல்சூர் மார்க்கெட்டுக்குத் தள்ளுவண்டியோடு போய், கழித்துப்போட்ட முட்டைக்கோஸ் இலை, முள்ளங்கித் தழை, தர்பூசணித் தோல் என்று அள்ளிக்கொண்டு வந்துவிடுவார். தை மாதத்தில் ஒரு ஸ்கூட்டர் இடித்து இடுப்பில் ஆபரேஷன் ஆகி அவர் கூடத்துக் கட்டிலோடு கிடந்தார். மகன் ஹரிஷ்குமார் எலெக்ட்ரானிக் சிட்டிக்குக் கம்பெனி கேப் ஓட்டுகிறவன். அவன் வீட்டில் தூங்குவதே பெரிய காரியம். கோலார் பக்கமிருந்து ஒரு டெம்போ காய்ந்த கொடி வாங்கி மாடிப்படிக்குக் கீழே அடுக்கினார்கள். கோடைக்கு அது போதும் என்றார்கள்.

ஆடுகள் மூன்று. இரண்டு பெட்டை, ஒரு கறுப்புக் கிடா. எத்திராஜ் எழுந்து நடந்தால் தருகிறேன் என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று தமயந்தி தெரு மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்ட கிடா அது. அவரும் வாக்கரைப் பிடித்துக்கொண்டு கக்கூஸ் வரை நடக்கத் தொடங்கிவிட்டார். பங்குனி முடிகிற சமயத்தில் கோயிலில் காப்பு கட்டினார்கள். பதினைந்தாம் நாள் திருவிழா.

காப்பு கட்டிவிட்டால் அந்தத் தெருவில் இரண்டு கட்டுப்பாடு. நேர்ந்த வீட்டுக்காரர்கள் யாரும் வெளியே போய் இரா தங்கக்கூடாது; ராத்திரி வேலைக்குப் போவது கணக்கில் வராது. நேர்ந்த ஆட்டுக்குச் சமையலறைத் தண்ணீர் ஆகாது. அரிசி களைந்தது, சோறு வடித்தது எல்லாம் எச்சில் பட்டதாகக் கணக்கு. சுத்தமான குடத்துத் தண்ணீர்தான் காட்ட வேண்டும்.

அதே வாரம்தான் தெரு போர்வெல் வற்றிப்போனது. ஒருநாள் விட்டு ஒருநாள் டேங்கர் வரும். வீட்டுக்கு எட்டுக் குடம். குடிக்க, சமைக்க, எத்திராஜை உட்கார வைத்துத் துடைத்துவிட, எல்லாமே அதற்குள். பெட்டைகள் இரண்டும் கழுநீர்ச் சட்டியில் வாயை வைத்துச் சமாளித்துக்கொண்டன. கிடாவுக்குக் காலையிலும் மாலையிலும் ஒவ்வொரு சின்ன வாளி வைத்துக்கொண்டிருந்த தமயந்தி, மாலை வாளியை நிறுத்தினாள். காலையிலும் அரை வாளிதான் ஊற்றினாள். போன வருஷக் கோடையில் இதே கிடா தண்ணீரை மோந்து பார்த்துவிட்டுப் போனது அவளுக்கு நினைவிருந்தது. ஆடென்ன எருமையா, அதற்கு எதற்கு அவ்வளவு தண்ணீர்?

மிச்சமான தண்ணீர் எங்கே போனது என்பது அவளுக்கு மட்டும் தெரியும். ஆறு கழிப்பறை கழுவிவிட்டு வந்து, தலையோடு ஒரு குடம் ஊற்றிக்கொள்ளாமல் அடுப்படிக்குள் நுழைய அவளால் முடியாது. கிடாவின் தண்ணீர் அவள் தலையில் இறங்கியது.

காப்பு கட்டிய மூன்றாம் நாள் மருமகள் லவினா, சர்ச்சில் தன் அப்பாவின் நினைவுப் பூசைக்காகக் கம்மனஹள்ளியில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போனாள். பூசை முடிய நேரமாகி, பஸ் இல்லை என்று ஒரு இரா தங்கிவிட்டு வந்தாள். ஐந்தாம் நாள் கிடா தின்பதை நிறுத்தியது.

ஒரேயடியாக நிறுத்தவில்லை. கொடியைப் போட்டதும் அரைமணி நேரம் ஆவேசமாகத் தின்னும். பிறகு யாரோ கூப்பிட்ட மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கும். அசை போடுவதும் குறைந்தது. பக்கத்தில் பெட்டைகள் மிச்சக் கொடியையும் சேர்த்து மென்றுகொண்டிருந்தன.

"நானும் படுத்துட்டேன், கிடாவும் படுக்கப் போவுது. ரெண்டு பேர்ல யாரை முதல்ல கூப்பிடப் போறாளோ அம்மன்," என்றார் எத்திராஜ் கட்டிலிலிருந்து. பிறகு சிரிப்பில்லாமல் கேட்டார்: "தண்ணி ஒழுங்கா காட்றியா?"

"ரெண்டு வேளையும் காட்றேன். பின்ன இன்னா?" என்றாள் தமயந்தி.

விஷயம் கேள்விப்பட்டு எத்திராஜின் தங்கை ராதா ஸ்ரீராம்புரத்திலிருந்து வந்து இறங்கினாள். கிடாவைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தாள்.

"அண்ணி, பொட்டை ரெண்டும் நல்லாத்தானே துன்னுது? நேர்ந்த கிடா மட்டும் ஏன் வாயை மூடிக்குது? யோசிச்சியா?"

"வெயிலு ராதா."

"வெயிலு பொட்டைக்கு அடிக்காதா? காப்புக்குள்ள இந்த வூட்ல யார் வெளிய படுத்தாங்க, அதைச் சொல்லு."

பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த லவினாவின் கை நின்றது. அவள் எதிர்த்துப் பேசியிருந்தால் தமயந்திக்குச் சுலபமாக இருந்திருக்கும். "நான்தான் ராதாம்மா. தப்புதான்," என்று தலை குனிந்தாள் லவினா. கல்யாணமாகி இரண்டு வருஷத்தில் அந்தப் பெண் மஞ்சள் தண்ணீர்க் குடம் எடுக்க, கோலம் போட, வேப்பிலை கட்ட எல்லாம் கற்றுக்கொண்டவள். அம்மனும் கேட்பாள், மாதாவும் கேட்பாள் என்று நம்பினாள்.

திங்கட்கிழமை காலை தமயந்தி வேலைக்கு மட்டம் போட்டுவிட்டுக் கிடாவை ஆட்டோவில் ஏற்றிக் கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். வீட்டில் தடுப்பூசி என்று சொல்லியிருந்தாள். ஷோபா டாக்டர் கிடாவின் கழுத்துத் தோலைக் கிள்ளி விட்டுப் பார்த்தார். கிள்ளிய இடம் மடிப்பாகவே நின்று மெதுவாக இறங்கியது. புழுக்கையைக் குச்சியால் நசுக்கப் பார்த்தார், கல்லாக இருந்தது.

"ஏனம்மா, தீனி என்ன?"

"காஞ்ச கொடி."

"நீரு எஷ்டு? தண்ணி எவ்வளவு?"

தமயந்தி கிடாவைப் பார்த்தாள். "காலைல அரை வாளி."

"சாயங்காலம்?"

"இல்லை டாக்டரம்மா. போன வருஷம் பச்சைத் தழை தின்னப்ப தண்ணியைத் தொடவே இல்லை."

டாக்டர் திட்டவில்லை, பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துகிற மாதிரி சொன்னார். "காஞ்ச தீனி தின்னா வாய் நிறைய எச்சில் ஊறணும். அப்பதான் உள்ளே இறங்கும். அந்த எச்சில் எங்கேர்ந்து வரும்? ரத்தத்துல இருக்கிற தண்ணிதான். அரைமணி நேரம் தின்னா உடம்புத் தண்ணி நிறைய வயித்துக்குள்ள போயிடும். மேற்கொண்டு தண்ணி கிடைக்கலைன்னா உடம்பே போதும்னு சொல்லிடும். பசி இருந்தும் தின்னாது. பச்சை இலை தின்னப்ப இலையிலேயே தண்ணி இருந்துச்சு, அதனால வாளியைத் தொடலை. புரியுதா?"

புரிந்தது. நன்றாகவே புரிந்தது.

"மருந்து வேணாமா?"

"தண்ணிதான் மருந்து. ஒரேயடியா ஊத்தாதீங்க, கொஞ்சம் கொஞ்சமா, நாலஞ்சு வாட்டி. கொடியையும் நனைச்சுப் போடுங்க."

வழியெல்லாம் ஆட்டோவில் தமயந்தி மனசுக்குள் வாக்கியம் கோத்துக்கொண்டு வந்தாள். டாக்டர் தண்ணி போதலைன்னு சொல்றாங்க. வேண்டாம், எத்திராஜ் உடனே எத்தனை வேளை காட்டினே என்பார். வெயிலுக்குத் தண்ணி இன்னும் சேர்த்துக் காட்டச் சொல்றாங்க. இது பொய்யில்லை, உண்மையும் இல்லை. வீட்டுக்கு வந்தபோது கூடத்தில் எல்லாம் முடிவாகியிருந்தது. மறுநாள் காலை லவினா ஈரப் புடவையோடு கோயிலை மூன்று சுற்று வந்து அம்மனிடம் தப்பைச் சொல்ல வேண்டும். இனிமேல் உங்களைக் கேட்காமல் அம்மா வீட்டுக்குப் போவதில்லை, திருவிழா முடிகிற வரை போவதே இல்லை என்று எத்திராஜின் கையில் அடித்துச் சொல்ல வேண்டும்.

"ஈஸ்டர் வருது மாமா," என்றாள் லவினா மெல்ல.

"திருவிழா முடியட்டும்மா. அம்மன்கூட விளையாட முடியுமா?" எத்திராஜ் கோபமாகச் சொல்லவில்லை. நடுங்கிப்போய்ச் சொன்னார். நேர்த்தி கெட்டால் தன் கால் போய்விடும் என்ற பயம் அவருக்கு. தமயந்தி கிடாவின் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டே நின்றாள்.  கோத்து வைத்த வாக்கியத்தோடேயே பின்பக்கம் போய்க் கிடாவுக்குச் சொம்பு சொம்பாகத் தண்ணீர் காட்டினாள். அது குடித்த சத்தம் சந்து முழுக்கக் கேட்டது. அன்றைக்கு அவள் குளிக்கவில்லை.

மறுநாள் லவினா சுற்றிவிட்டு வந்தாள். பாதத்தில் கண்ணாடிச் சில்லு ஏறி ரத்தம் வந்திருந்தது. அவள் வாசலில் உட்கார்ந்து அதை எடுத்துக்கொண்டிருக்கும்போதே பின்பக்கத்திலிருந்து ராதா கூவினாள்.

"அண்ணா! துன்னுது பாரு! கொடி மொத்தத்தையும் துன்னுட்டு அசை போடுது! சொன்னேனா இல்லையா?"

எத்திராஜ் கட்டிலிலிருந்தபடியே கைகூப்பினார். லவினா அழுதாள். தன் தப்பு அத்தனை பெரிது என்று அப்போதுதான் அவள் முழுசாக நம்பினாள் என்பது தமயந்திக்கு அந்த முகத்திலேயே தெரிந்தது. சில்லை எடுக்கத் தமயந்தி ஊக்கு கொண்டுவந்து கொடுத்தாள். காலுக்கு மஞ்சள் வைத்தாள். இரண்டு நாள் பாத்திரங்களைத் தானே துலக்கினாள். "நீ உக்காரு, நீ உக்காரு," என்று நொடிக்கொரு தரம் சொன்னாள். வாய் அந்த ஒன்றைத் தவிர மற்றதையெல்லாம் சொன்னது.

ஈஸ்டருக்கு முந்தின நாள் சாயங்காலம். அடுப்படியில் தமயந்தி வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள். லவினா வந்து தண்ணீர் டிரம்மின் பக்கத்தில் நின்றாள்.

"அத்தை, ஒண்ணு கேக்கட்டா?"

"கேளு."

"கிடாவுக்கு இப்ப ஒரு நாளைக்கு அஞ்சு வாட்டி தண்ணி காட்றீங்க. நான் எண்ணிட்டுதான் இருக்கேன்."

கத்தி பலகையில் மெதுவாக இறங்கியது.

"அதுக்கு முன்னாடி எத்தனை வாட்டி அத்தை?"

கூடத்தில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. "யாரு அங்க? டீ கெடைக்குமா?" என்று எத்திராஜ் குரல் கொடுத்தார். யாரும் போகவில்லை.

"நான் சண்டைக்கு வரலை," என்றாள் லவினா. "என்னாலதான்னு நெஜமாவே நம்பிட்டேன். ஃபோன்ல எங்கம்மாகிட்டகூட, என்னால ஒரு வாயில்லா ஜீவன் பட்டினி கிடந்துச்சும்மான்னு சொல்லி அழுதேன். நாளைக்கு அவங்க தனியாதான் பூசைக்குப் போவாங்க. நீங்க மாமாகிட்ட ஒரே ஒரு வார்த்தை சொன்னா நான் போலாம். சொல்லுவீங்களா?"

சொல்லலாம். நாலு அடி தூரத்தில்தான் கட்டில். ஆனால் இரண்டு வேளையும் காட்டினேன் என்ற வாய் இது. தடுப்பூசி என்ற வாய். அந்தப் பெண் ஈரப் புடவையோடு இறங்கிப் போனபோது மூடிக்கொண்டிருந்த வாய். ஒன்றைச் சொன்னால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். தமயந்தி அடுத்த வெங்காயத்தை எடுத்துத் தோல் உரித்தாள்.

குக்கர் ஒரு விசில் அடித்தது. லவினா அடுத்த விசில் வரைக்கும் நின்றாள். "சரி அத்தை, நாளைக்கு வரலைன்னு அம்மாகிட்ட சொல்லிடறேன்," என்றாள். பிறகு அடுப்பைத் தானே குறைத்து வைத்துவிட்டு, அடிபட்ட காலை ஓரமாக ஊன்றி, திரைச்சீலையை விலக்கிக்கொண்டு வெளியே போனாள்.