எல்மர் மாட்டிக்கொண்ட மழைக்கோட்டு

காம்லூப்ஸ் ஊருக்குப் பக்கத்து மலை ஏரிகளில் எல்மர் ஸ்ட்ராண்டைத் தெரியாதவர்கள் குறைவு. நாற்பது வருஷம் மர ஆலையில் வேலை, லீவு நாளெல்லாம் ஏரியில். தூண்டில் முள்ளில் இறகும் நூலும் சுற்றிப் போலிப்பூச்சி கட்டுவதில் கில்லாடி. வாய் மட்டும் கொஞ்சம் நீளம். புழு கோத்து மீன் பிடிப்பவனைக் கண்டால், இதற்குக் கடையிலேயே மீன் வாங்கியிருக்கலாமே என்று கேட்காமல் விடமாட்டார்.

அப்பேர்ப்பட்ட மனுஷனுக்கு எழுபத்தாறு வயதில் புத்தி தடுமாற ஆரம்பித்தது. போன மாதம் பால் வாங்கப் போனவர் மூன்று மணி நேரம் கழித்து அடுத்த ஊரில் நின்றார். ஏன் அங்கே போனோம் என்று இன்றுவரை அவருக்கே புரியவில்லை. மகள் நோரீன் கறாராகச் சொல்லிவிட்டாள். ஒரு நாள் அவளும் படகில் வருவாள். எல்லாம் ஒழுங்காகச் செய்தால் வண்டிச் சாவி அவரிடமே இருக்கும், இல்லாவிட்டால் அவளிடம். வண்டி போனால் ஏரியும் போன மாதிரிதான்.

செப்டம்பர் கடைசி. கரையெல்லாம் ஆஸ்பென் மரத்து இலை மஞ்சளாகியிருந்தது. பரீட்சைக்கு உட்கார்ந்த பிள்ளை மாதிரி எல்மர் பார்த்துப் பார்த்து நங்கூரம் இறக்கினார். அட்டைப்பூச்சியைப் போலக் கட்டிய கறுப்பு முள்ளை வீசி, மெல்ல இழுத்தார். ஒரு மணி நேரமாக ஒன்றும் கடிக்கவில்லை. எந்தக் கரையிலிருந்து கிளம்பினோம் என்பது வேறு அடிக்கடி நழுவியது. நோரீன் பார்க்காதபோது நாலு பக்கமும் திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

திடீரென்று தண்ணீர் முழுக்கச் சின்னச் சின்ன வளையங்கள். மழை என்று சொல்லிக் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டார். நோரீனும் போனிலிருந்து ஒரு கணம் நிமிர்ந்து, தலைக்கு மேல் குல்லாயை இழுத்துவிட்டுக்கொண்டு மறுபடி குனிந்தாள்.

மேலே பார்த்தால் சுள்ளென்று வெயில். கோட்டு காய்ந்து கிடந்தது. இதென்ன எழவு மழை? எல்மருக்குத் தலை கிறுகிறுத்தது, பயமாகவும் இருந்தது. அப்போது கோட்டுக் கையில் டப்பென்று ஒரு பூச்சி விழுந்தது. துடுப்பு மாதிரி இரண்டு நீளக் கால்.

துடுப்புப்பூச்சி! வருஷா வருஷம் இதே வாரத்தில் கூட்டமாகப் பறந்து வந்து ஏரியில் விழுந்து, மழைத்துளி போல வளையம் எழுப்பி உள்ளே பாயும். ட்ரவுட் மீன்கள் வெறிபிடித்துத் தின்னும். வருஷம் முழுக்க அவர் காத்திருப்பதே இதற்குத்தான். அதைப் போய் மழை என்றாரே! இங்கே இரண்டு வருஷம் மீன் பிடித்த கத்துக்குட்டிகூட அப்படிச் சொல்லமாட்டான்.

மனசு குழம்பிக் கிடந்தாலும் கை குழம்பவில்லை. அந்தப் பூச்சி மாதிரியே வெள்ளி வயிறு வைத்துக் கட்டிய குட்டி முள்ளை எடுத்து முடிந்து வீசியது. மூன்றாவது வீச்சில் நாலு ராத்தல் ட்ரவுட் துள்ளி எழுந்தது. தூக்கிப் பார்த்துவிட்டு வழக்கம்போலத் தண்ணீரிலேயே விட்டார்.

நோரீனுக்கு வாயெல்லாம் பல். "நான்தான் வீணா பயந்துட்டேன்பா. மழைன்னதும் கோட்டு, சரியான முள்ளு, மீனு. உங்களுக்கு ஒண்ணுமில்ல. சாவிய நீங்களே வச்சுக்குங்க."

அவர் தடுமாறியதை அவள் கவனிக்கவில்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், அடுத்த வசந்தத்திலும் ஏரி அவருடையது. எல்மர் படகைக் கரைக்குக் கொண்டுவந்தார். படகைக் கட்டியதும் பையிலிருந்து சாவியை எடுத்து அவள் கையில் வைத்தார்.

"என்னப்பா இது? எல்லாம் சரியாத்தானே செஞ்சீங்க?"

"உன் குல்லாயத் தொட்டுப் பாரும்மா. இன்னிக்கு மழையே பெய்யல."