கொக்கியில் தொங்காத டோக்கன்

1. தேரன்று காலை வந்த போன்

நிலக்கரிச் சுரங்கத்தில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தவன் நான். கடைசிப் பதினான்கு வருடம் சர்தார். சர்தார் என்றதும் தலைப்பாகை, குதிரை என்று நினைத்துவிடாதீர்கள். பூமிக்குள் இறங்குகிற ஆட்களை எண்ணி உள்ளே அனுப்பி, எண்ணி வெளியே கொண்டுவர வேண்டிய மேஸ்திரிதான். இதைப் படிக்கிற பிள்ளைகளில் யாராவது நாலு பேருக்கு மேலாளாக உட்காரப் போகிறீர்கள் என்றால், கொஞ்சம் கவனமாகப் படியுங்கள்.

அன்றைக்கு நான் லீவில் ராஜபாளையத்தில் இருந்தேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆடிப்பூரத் தேர். காலை ஏழரை மணிக்கு இட்லியைப் பிட்டு வாயில் வைக்கும்போது செல்போன் அடித்தது. கோதாவரிப் பக்கத்திலிருந்த எங்கள் சுரங்கத்து மேனேஜர். தெலுங்கில்தான் பேசுவார். ராஜபாளையத்துக்காரனுக்குத் தெலுங்கு தெருவிலேயே கிடைக்கும். எனக்கு அந்த வேலை கிடைத்ததே அதனால்தான்.

"ஏமய்யா, உங்க ஊர்ப் பக்கத்து ஆளு சீனிவாசன் டோக்கன் முந்தாநாள் ஷிப்டுல இருந்து கொக்கிக்கு வரல. ரூம் பூட்டிக் கெடக்கு. செல் ஆஃப். நேத்து முழுக்கத் தேடியாச்சு. இப்பப் பழைய கேலரிக்குள்ள பன்னிரண்டு பேரு போயிருக்காங்க. நீ அவன் வீட்டுக்குப் போ. பக்குவமாச் சொல்லு."

தட்டைத் தள்ளி வைத்தேன். சீனிவாசன் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரன். என் செக்‌ஷனில் கூரைக்கு முட்டு வைக்கிறவன். பத்து நாளைக்கு முன்னால்தான் என்னிடம் லீவு கேட்டிருந்தான்.

"அண்ணாச்சி, அப்பாவுக்கு இடுப்பு முடியல. இந்த வருசம் தேருக்கு நான்தான் கட்டை போடணும்" என்றான்.

தேர் திரும்புவதற்கும் நிற்பதற்கும் சக்கரத்துக்கு அடியில் கட்டை கொடுக்க வேண்டும். அது அவர்கள் வீட்டுக்குப் பரம்பரையாக வருகிற வேலை. எனக்கு அது தெரியாமல் இல்லை. ஆனால் நானும் அதே வாரம் லீவு போட்டிருந்தேன்.

"நாம ரெண்டு பேருமே போயிட்டா செக்‌ஷன யாருலே பாக்குறது? நீ அடுத்த வருசம் போ" என்று சொல்லிவிட்டு என் பெட்டியைக் கட்டினேன். மேனேஜர் போனை வைத்த பிறகு அந்த வார்த்தைதான் காதுக்குள் சுற்றிக்கொண்டே இருந்தது.

2. லைட்டை நம்பாதே

எங்கள் சுரங்கம் சின்னது. மலைச்சரிவில் ஒரு வாய், அதிலிருந்து சாய்வாக உள்ளே இறங்கும் பாதை, இரண்டு பக்கமும் கரி வெட்டிய குகைப்பாதைகளான கேலரிகள். பெரிய சுரங்கத்தில் புத்தகத்தைப் பார்த்து ரூல் போடுவார்கள். எங்களிடத்தில் ஆள் செத்தால்தான் ரூல் வரும். கூரையைத் தடியால் தட்டிச் சத்தம் கேட்காமல் யாரும் கீழே உட்காரக்கூடாது என்பது மல்லய்யா செத்த பிறகு வந்தது. பழைய கேலரிக்குள் தனியாகப் போகக்கூடாது என்பது, அண்ணனைத் தேடிப் போன தம்பியும் நல்ல காற்றில்லாமல் அங்கேயே விழுந்த பிறகு வந்தது. நோட்டீஸ் பலகையில் மற்றவர்களுக்கு எழுத்து தெரியும், எனக்கு ஆட்கள் முகம் தெரியும்.

டோக்கன் ரூல் வந்தது கருப்பையாவால். செட்டியார்பட்டிக்காரன், என்னோடு ஒரே ஷிப்டில் வேலை பார்த்தவன். அப்போது நான் சர்தார் ஆகவில்லை. ஒருநாள் ஷிப்டு முடிந்து வெளியே வந்ததும் தொப்பியில் மாட்டுகிற லைட்டைக் கழற்றி என்னிடம் நீட்டினான். "நீ லாம்ப் ரூம் பக்கந்தான போற, இதையும் சேத்துக் குடுத்துரு" என்று சொல்லிவிட்டு பீடி பற்ற வைத்தான். நானும் இரண்டு லைட்டையும் கொடுத்துவிட்டுப் போய்விட்டேன். எல்லோரும் அப்படித்தான் செய்வோம். பிறகு அவனுக்குச் சாப்பாட்டுத் தூக்குவாளி உள்ளே கிடக்கிற ஞாபகம் வந்திருக்கிறது. கை டார்ச்சை எடுத்துக்கொண்டு திரும்ப இறங்கியிருக்கிறான்.

கூரையிலிருந்து கல் அவன் காலில்தான் விழுந்தது. உடனே தூக்கியிருந்தால் நொண்டியாகவாவது இருந்திருப்பான். லைட் வந்துவிட்டது, ஆளும் வந்துவிட்டான் என்று லாம்ப் ரூமில் எழுதிக்கொண்டதால் மறுநாள் காலைவரை யாரும் தேடவில்லை.

அதற்குப் பிறகு ஆளுக்கு ஒரு பித்தளை டோக்கன் வந்தது. இறங்கும்போது கொக்கியிலிருந்து எடுத்துக்கொண்டு போக வேண்டும், ஏறியதும் அவனவன் கையாலேயே திரும்ப மாட்ட வேண்டும். கொக்கி காலியாக இருந்தால் ஆள் உள்ளே இருக்கிறான் என்று அர்த்தம். லைட் திரும்பி வந்திருந்தாலும் அதை நம்பக்கூடாது. அடுத்தவன் லைட்டைக் கொடுத்தால் மூன்று நாள் வேலை கிடையாது.

கருப்பையா செத்த செய்தியைச் செட்டியார்பட்டிக்குக் கொண்டுபோனவன் நான்தான். அவன் மனைவி பேச்சியம்மாளிடம் கல் விழுந்தது என்று மட்டும் சொன்னேன். லைட்டைப் பற்றிச் சொல்ல வாய் வரவில்லை. அதற்குப் பிறகு இந்தப் பக்கத்து ஆள் யார் செத்தாலும், "நீ போய்ச் சொல்லு" என்று என்னைத்தான் அனுப்பினார்கள்.

3. ஒரு சொம்பு மோர்

தேர் நாள் என்பதால் பஸ்ஸை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். கூட்டத்தில் இடிபட்டுக்கொண்டே நடந்தேன். சீனிவாசனின் வீடு ரதவீதியை ஒட்டிய சந்தில் இருந்தது. வாசலில் அவன் மனைவி கோதை அண்டா நிறைய நீர்மோர் வைத்து, வடம் பிடித்துக் களைத்து வருகிறவர்களுக்கு ஊற்றிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கரண்டி அப்படியே நின்றது.

"வாங்க அண்ணாச்சி. எங்க இந்தப் பக்கம்?"

"தேர் பாக்க வந்தேன்மா."

அவள் நம்பவில்லை. "நீங்க எந்த வருசம் தேர் பாக்க வந்தீக? செட்டியார்பட்டிக்கும் நீங்கதான் போனீகன்னு அவிய சொல்லியிருக்காக. என்ன விசயம், சொல்லுங்க."

பக்குவமாகச் சொல்வதாவது!  "சீனி டோக்கன் கொக்கிக்கு வரலம்மா. தேடிக்கிட்டு இருக்காங்க" என்றேன். டோக்கன் என்றால் என்னவென்று அவளுக்குத் தெரிந்திருந்தது. முகம் வெளுத்துவிட்டது. அழவில்லை. எதிரில் ஒருவர் டம்ளரை நீட்டினார், அதில் ஊற்றினாள். டம்ளர் நிரம்பி வழிந்து அவர் கையெல்லாம் மோர். ஊற்றுவதை அவள் நிறுத்தவில்லை.

"லீவு கேட்டாகளாமே" என்றாள், என்னைப் பார்க்காமலே.

"கேட்டான். நான்தான் குடுக்கல."

இதைச் சொன்னபோது அந்த இடத்திலேயே பூமி பிளந்தால் நல்லது என்றிருந்தது.  அந்த நேரம் பார்த்து, வேர்த்து வடிந்தபடி ஒரு பெரியவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். சீனிவாசனுக்குச் சித்தப்பா முறை, அவரும் தேருக்குக் கட்டை போடுகிறவர்.

"ஏம்மா கோதை, ஒரு சொம்பு மோர் குடு. ஒன் வீட்டுக்காரன் கேக்கான். தொண்டை வறண்டு போச்சாம், சக்கரத்த விட்டு நகர முடியலங்கான்."

"யாரு கேக்கா?"

"யாரா? சீனிதான். காலைல பஸ்ஸ விட்டு எறங்குன கையோட நேரா சக்கரத்துக்கு வந்துட்டான். வீட்டுக்கு வரலையா அவன்?"

கோதை அண்டாவைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. எனக்கும் போன உயிர் திரும்பி வந்தது. கூடவே இன்னொரு நினைப்பும் வந்தது. இங்கே தேர்ச்சக்கரத்தில் நிற்கிற ஆளைத் தேடி, அங்கே நல்ல காற்றில்லாத கேலரிக்குள் பன்னிரண்டு பேர் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

4. பன்னிரண்டு சத்தம்

செல்லை எடுத்தால் லைன் போகவில்லை. ஊரே அந்த நாலு தெருவுக்குள் அடைந்து கிடக்கும்போது டவர் எங்கே கிடைக்கும்? நாலைந்து தடவை அடித்துப் பார்த்தேன். கோதை கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மாடிக்குப் போங்க அண்ணாச்சி, அங்க கெடைக்கும்" என்றாள். படியில் இரண்டிரண்டாகத் தாவினேன். அந்த வயதில் அப்படி ஏறியதற்கு முழங்கால் இன்றைக்கும் என்னைத் திட்டுகிறது.

மேனேஜர் எடுத்தார். "ஆளு இங்க இருக்கான் சார். உயிரோட இருக்கான். தேர்ல கட்டை போட்டுக்கிட்டு இருக்கான். எல்லாரையும் வெளிய கூப்பிடுங்க" என்றேன்.

அவர், "கண்ணால பாத்தியா?" என்றார். நியாயமான கேள்விதான். கைப்பிடிச் சுவரோரம் ஓடினேன். தேர் அப்போதுதான் முக்கில் திரும்பிக்கொண்டிருந்தது. பெரிய சக்கரத்துக்குப் பக்கத்தில் துண்டை இடுப்பில் இறுக்கிக்கொண்டு, கட்டையைக் கொடுத்துவிட்டுக் காலைப் பின்னால் இழுத்தான் ஒருத்தன். சுரங்கத்தில் முட்டு வைக்கும்போதும் சீனி இடது காலைத்தான் அப்படி இழுப்பான்.

"பாத்துட்டேன் சார்."

அவர் போனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. லாம்ப் ரூமுக்கு வெளியே நின்றுகொண்டார் போல. முக்கால் மணி நேரம் இருக்கும். நடுவில் இரண்டு தடவை லைன் அறுந்தது, திரும்ப அடித்தேன். பிறகு கொக்கியில் டோக்கன் விழுகிற டிங் என்ற சத்தம் கேட்டது. லாம்ப் ரூம் கிளார்க் "ஒகட்டி" என்று தெலுங்கில் எண்ண ஆரம்பித்தார். அடுத்து "ரெண்டு". ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில் இடைவெளி விழுந்தபோது சாமி பெயரெல்லாம் சொன்னேன், எந்தச் சாமி என்று கேட்காதீர்கள். பன்னிரண்டாவது சத்தம் கேட்டதும் மேனேஜர், "தேருக்கு என் பேருலயும் ஒரு கும்பிடு போடு" என்று சொல்லிப் போனை வைத்தார்.

தேர் நின்றதும் சீனிவாசனிடம் போனேன். அறையத்தான் போனேன். அவன் முகத்தைப் பார்த்ததும் கை எழவில்லை.

"ஏலே, டோக்கன் எங்க?"

அவன் இடுப்பைத் தடவினான். அரைஞாண் கயிற்றில் தொங்கியது. "ஐயையோ அண்ணாச்சி! வாசல்லயே ஸ்டேஷனுக்குப் போற நெலக்கரி லாரி நின்னுச்சு. லைட்ட ஒருத்தங்கிட்டக் குடுத்துட்டு ஏறிட்டேன். இத மாட்ட மறந்தே போச்சு..."

"உன்னையத் தேடி பன்னிரண்டு பேரு பழைய கேலரிக்குள்ள போனாங்கலே."

அவன் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான். மெதுவாக, "லீவு குடுத்திருந்தா சொல்லிட்டு வந்திருப்பேன் அண்ணாச்சி" என்றான். 

அவனுக்குப் பதினைந்து நாள் சஸ்பெண்ட். அவன் லைட்டை வாங்கி லாம்ப் ரூமில் கொடுத்தவன் பயத்தில் இரண்டு நாளும் வாயைத் திறக்கவில்லை, அவனுக்கு மூன்று நாள். லீவு விஷயத்தில் என் தப்பை நானே எழுதிக் கொடுத்தேன். மேனேஜர் அதைப் படித்து மடித்து மேஜைக்குள் போட்டுக்கொண்டார்.

5. சும்மா

அன்றைக்குக் கிளம்பும்போது கோதை வாசல்வரை வந்தாள். "அண்ணாச்சி, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கிடாதீக. ஒங்களப் பாத்ததும் எனக்கு உசுரே போயிருச்சு. இனிமே சும்மாவும் வாங்க" என்றாள்.

பஸ்ஸில் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். அவள் சொன்னது சரி. ஊருக்கு எத்தனையோ தடவை லீவில் வந்திருக்கிறேன், நல்ல நாளில் ஒருத்தர் வீட்டுப் படியும் ஏறியதில்லை. ராஜபாளையத்தில் இறங்கி வீட்டுக்குப் போகாமல், செட்டியார்பட்டிக்கு வண்டி ஏறினேன்.

பேச்சியம்மாள் வாசலில் அடுப்பெரிக்கப் பருத்தி மார், அதாவது காய்ந்த பருத்திச் செடி, ஒடித்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழுந்துவிட்டார். "யாருக்கு என்ன?" என்றார்.

"யாருக்கும் ஒண்ணுமில்ல. சும்மாதான் வந்தேன்."

உட்காராமலே சொல்லிவிட்டேன். அன்றைக்குக் கருப்பையா லைட்டைக் கொடுத்தவன் நான்தான் என்று. அவர் கையிலிருந்த மாரை ஒடித்துக் கீழே போட்டார்.

"தெரியும். கூட வேல பாத்தவிய அப்பவே சொன்னாக. நீங்களா வந்து சொல்லுவீகன்னு இருந்தேன்."

"ரொம்ப நாளாயிருச்சு."

"ஆமா, ஆயிருச்சு" என்றார். பிறகு உள்ளே பார்த்து மகளைக் கூப்பிட்டு டீ போடச் சொன்னார்.

அதற்குப் பிறகு ரிட்டயர் ஆகும்வரை, ஊருக்கு வந்தால் முதல் இரண்டு நாள் இதுதான் எனக்கு வேலை. இந்தப் பக்கத்து ஆட்கள் வீடு ஒவ்வொன்றுக்கும் போவேன், டீ குடிப்பேன், வருவேன். சுரங்கத்தை இப்போது மூடிவிட்டார்கள், வாயில் கான்கிரீட் போட்டாயிற்று. நாலு பேருக்கு மேலாளாக உட்காரப் போகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். லீவு கேட்டு வருகிறவனை உட்கார வைத்து, எதற்கு என்று முழுதாகக் கேளுங்கள். அவன் வீட்டுக்கு, ஒரு காரணமும் இல்லாத நாளில் ஒரு தடவையாவது போய்விட்டு வாருங்கள்.

போன வாரம் பேச்சியம்மாள் வீட்டுக்குப் போனேன். என்னைப் பார்த்து அவர் எழுந்திருக்கவில்லை. "வந்தாச்சா? அந்த மார எடுத்து ஒடிங்க" என்றார்.