கண்ணாடி உடைக்கும் வகுப்பு

மலையகத்துக் கந்தப்பளையில் எழுத்துகள் சுவருக்குப் போய்ச் சேர்வதில்லை. ஜன்னலால் நுழையும் பனிமூட்டத்தில் புரொஜெக்டர் வெளிச்சம் பட்டதும், நான் செய்த ஸ்லைட் வகுப்பின் நடுவிலேயே மிதக்கிறது. பிள்ளைகள் பாடத்தை விட்டுவிட்டு அதைக் கையால் பிடிக்கப் பார்க்கிறார்கள். ஊரில் இருப்பவர்கள் நம்ப மாட்டார்கள். நான் படித்த தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் மின்சாரமே இல்லை. சைக்கிள் டைனமோவைச் சுற்றித்தான் வானொலி கேட்டோம்.

இங்கே ஆங்கில ஆசிரியராக வந்த நான், பேச்சுப் பயிற்சிக்குப் பாடசாலையின் ஒரே கணினியில் ஸ்லைட் செய்தேன். படத்தில் கடைக்காரர் கேள்வி கேட்பார். மூன்று பதில்களில் ஒன்றை அழுத்த வேண்டும். சரியென்றால் கைதட்டல், பிழையென்றால் கண்ணாடி உடையும் சத்தம். அங்கேதான் நான் மடையனானேன். பத்தாம் வகுப்பு முழுவதும் வேண்டுமென்றே பிழையை அழுத்தியது. கத்தினேன்.

"கைதட்டு சப்புன்னு இருக்குங்க சேர்," என்றாள் செல்வராணி.

சரியான பதில் தெரிந்தால்தானே அதைத் தவறாமல் தவிர்க்க முடியும்? இது எனக்கு உறைக்க ஒரு வாரம் பிடித்தது.

பிறகு கல்வி அதிகாரி வந்தார். என் ஊர்ப்பக்கத்தவர். கணினி பயன்படவில்லையென்றால் அதை நகரப் பாடசாலைக்குக் கொண்டுபோவேன் என்று முன்பே சொல்லியிருந்தார். அவர் உட்கார்ந்ததும் கரண்ட் போனது.

செல்வராணி எழுந்தாள். "நான்தான் கடைக்காரரு. நீங்க மூணு பேரும் பதிலு. வந்து நில்லுங்கடி!"

அவள் ஆங்கிலத்தில் கேட்டாள். மூவரும் ஆளுக்கொரு பதில் சொன்னார்கள். "சேர், நீங்க கையைக் காட்டுங்க," என்றாள் அதிகாரியிடம். அவர் சரியாகக் கேட்காமலே ஒருத்தியைக் காட்டினார்.

"சலீர்!" வகுப்பே வாயால் கண்ணாடியை உடைத்தது. நான் மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன்.

அவரும் சிரித்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். "இதுகள் கொம்பியூட்டர் இல்லாமலே நல்லாச் செய்யுதுகள். பிறகென்னத்துக்கு இஞ்ச? நீர் எங்கட ஆள், உமக்கு விளங்கும்தானே?"

எனக்கு விளங்கவில்லை. ஆத்திரத்தில் வாயைத் திறந்தேன். செல்வராணி முந்திக்கொண்டாள்.

"பஸ் வராட்டி நாங்க நடந்துதாங்க வாறோம். அதுக்காக பஸ்ஸை நிப்பாட்டிருவீங்களா சேர்?"

அவர் தன் ஃபைலை மூடினார். கணினி எங்களிடமே இருக்கிறது.

விடுமுறைக்கு ஊர் போனேன். குசினியில் ஒரு கண்ணாடித் தம்ளர் விழுந்து நொறுங்கியது. "பிழை! பிழை!" என்று கத்திக் குதித்தேன்.

"உனக்கென்ன விசரோ?" என்றார் அக்கா.

தனியாகச் சிரித்தபடி துண்டுகளைப் பொறுக்கினேன். எதிரே வெள்ளைச் சுவரில் வெயில் பளிச்சென்று அடித்தது. நடுவில் எதுவும் மிதக்கவில்லை.