இரண்டு பொட்டலத்திலும் சிவப்பு

என் முதல் நாவலுக்கு விளம்பரம் செய்தது ஒரு முட்டைக்கோஸ் லாரி. என் தம்பி ஓட்டிய லாரி அது. எங்கள் மலையூர்களான கம்போங் ராஜாவிலும் திரிங்காப்பிலும் காய்கறி ஏற்றி, தாப்பா ரோட்டு வளைவுகளில் இறங்கி, ஈப்போ சந்தைக்குப் போகும். அதன் இரண்டு பக்கப் பலகையிலும் நானும் அவனும் சேர்ந்து கறுப்பு எழுத்தில் அடித்திருந்தோம்: ‘கங்காணியை அட்டையாக்கியது யார்? விரைவில் நாவல்!’

எண்பதுகளின் தொடக்கம். எங்கள் எஸ்டேட் தேயிலைத் தொழிற்சாலையில், பெட்டி கட்டும் பிரிவில் எனக்கு வேலை. தகரத்தில் வெட்டிய எழுத்துகளைப் பெட்டிமேல் வைத்துச் சாயம் பூசுவதுதான் நாள் முழுவதும். அந்தப் பழக்கத்தில்தான் தம்பியிடம் பிஸ்கட் தகரம் கேட்டு, தமிழ் எழுத்துகளை வெட்டச் சொன்னேன். ‘ட’ சுலபமாக வந்தது. ‘ணி’யை வெட்டுவதற்குள் அவன் விரலையும் வெட்டிக்கொண்டான். “அக்கா, அடுத்த நாவலுக்காவது நேரா இருக்கிற எழுத்தா பாத்து பேரு வைலா” என்றான்.

அப்போது நான் தரையில் நடந்ததாகவே ஞாபகம் இல்லை. தானா ராத்தா பஸ் நிலையத்தில், முடிதிருத்தும் கடையில், சினிமாக் கொட்டகைச் சுவரில் என்று கண்ட இடத்திலெல்லாம் நோட்டீஸ் ஒட்டினேன். வானொலியில் நேயர் விருப்பப் பாட்டு கேட்டு எழுதும்போதுகூட, பாட்டைவிட நாவலைப் பற்றித்தான் நாலு வரி அதிகமாக எழுதினேன். அறிவிப்பாளர் பாட்டை மட்டும் போட்டார். அதற்கும் கோபப்பட்டேன். ஆனால் அதெல்லாம் ஒரு கோபமா! இனிமேல் சொல்லப்போவதுதான் கோபம். இத்தனை வருஷம் கழித்தும் அதை நினைத்தால் எனக்குக் காது சூடாகிறது.

கதை என்னுடையதில்லை என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தொழிற்சாலைக்குப் போகுமுன் நானும் மலையில் கொழுந்து எடுத்தவள்தான். மழைக்காலத்தில் தேயிலைச் செடிக்குள் நுழைந்தால் அட்டை காலில் ஏறும். உப்பைத் தூவினால் அது சுருண்டு விழுந்துவிடும் என்பதால், பெண்கள் ஒவ்வொருவரும் இடுப்பில் ஒரு சின்னப் பொட்டலம் உப்பு செருகியிருப்போம். ஒருத்தி காலில் அட்டை ஏறினால் பக்கத்து நிரையில் இருப்பவள் கத்துவாள்: “கங்காணி வந்துட்டாரு, உப்பு கொண்டா!” முன்னொரு காலத்தில், பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தி நிறுவைக்குக் கொண்டுவந்த கூடையை, ஆட்களை வேலை வாங்கும் கங்காணி ஒருவன் காலால் எட்டி உதைத்தானாம். உச்சிவேளையில் மலை எல்லையைச் சுற்றிவரும் முனி, வெள்ளைக் குதிரையை நிறுத்தி, அவனை ஒரு பார்வை பார்த்ததாம். அன்று அட்டையாகச் சுருங்கியவன்தான், இன்றுவரை எங்கள் காலில் ஏறிக்கொண்டிருக்கிறான். இந்த எஸ்டேட்டில் கொழுந்து எடுத்த எல்லாப் பெண்களுக்கும் தெரிந்த கதை இது. நான் அதற்கு ஒரு மாய உலகம் கட்டினேன். குதிரைக்குப் பேச்சுக் கொடுத்தேன். அட்டைகளுக்கு ஒரு ராஜ்யமே கொடுத்தேன். கதையின் உயிர் மட்டும் அந்தப் பெண்களுடையது.

லாரி ஒரு வாரம் ஓடியிருக்கும். எங்கள் முனீஸ்வரர் கோயில் கமிட்டித் தலைவர், தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருக்கும் லயத்துக்கு வந்து என் வீட்டு வாசலில் நின்றார். எஸ்டேட்டின் கடைசிப் பெரிய கங்காணி இவருடைய அப்பா. அவர் செத்துப் பல வருஷம் ஆகியும் மகன் மட்டும் கங்காணித் தலைப்பாகையை இறக்கி வைக்கவில்லை. தலைப்பாகை கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

“தங்கச்சி, புக்கு போடுறியாமே? சந்தோஷம்லா. முனியப் பத்தி எழுது. குதிரையப் பத்தி எழுது. அட்டை எதுக்கு?”

“அட்டைதான் கதையே, தலைவரே.”

“எங்கப்பாவச் சொல்ற.”

“அது ரொம்பப் பழைய கதை. உங்கப்பா பொறக்கிறதுக்கு முன்னாடியே இருந்திருக்கும்.”

“கங்காணின்னா இந்த எஸ்டேட்டுல வேற யாரு? லாரியில எழுதி ஊரெல்லாம் சுத்த விட்டிருக்க. கங்காணிய மந்திரவாதின்னு மாத்திடு. பிரச்சன முடிஞ்சுச்சு.”

சத்தியமாக, எழுதும்போது அவர் அப்பாவை நான் நினைக்கவே இல்லை. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். இவர் நெஞ்சு குறுகுறுத்து, நானே மறந்துபோயிருந்ததை எனக்கு ஞாபகப்படுத்திவிட்டுப் போனது. என் அம்மாவின் கூடையை அந்தப் பெரிய கங்காணி கவிழ்த்துக் கொட்டியதை நான் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். ஈரக் கொழுந்து மண்ணில் கிடக்க, அம்மா குனிந்து பொறுக்கினாள். மாற்ற முடியாது என்று, தலைவர் வந்துபோன அன்றே முடிவு செய்துவிட்டேன்.

வெளியீட்டு விழாவை எஸ்டேட் மண்டபத்தில் வைப்பதாக எல்லா நோட்டீஸிலும் போட்டிருந்தேன். மண்டபத்துச் சாவி, ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணியிடம் இருந்தது. அதுவரை ‘எப்ப வேணும்னாலும் வந்து வாங்கிக்கம்மா’ என்றவர், தலைவர் வந்துபோன பிறகு பேச்சை மாற்றினார்.

“எனக்கு ஒண்ணுமில்லம்மா. கோயில் கமிட்டி சரின்னா சாவி தரேன். நாளைக்கி ஏதாச்சும் ஆச்சுன்னா தொரைக்கு நான்லா பதில் சொல்லணும்.”

சாவி அவர் தலைக்குப் பின்னால் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. எட்டி எடுத்துவிடலாம் போலக் கை துறுதுறுத்தது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டார் என்பது பழமொழி. எங்கள் எஸ்டேட்டில் பூசாரிக்கு மேல் கமிட்டித் தலைவர், அவருக்குப் பக்கத்தில் கிராணி என்று அந்தப் பழமொழிக்கே ஒரு படிக்கட்டு கட்டி வைத்திருந்தார்கள்.

கமிட்டி கூடிப் பேசி, இந்த நாவல் வரலாமா என்று சாமியிடமே கேட்டுவிடலாம் என்று சொல்லி அனுப்பியது. பூக்கட்டிப் பார்ப்பது எங்கள் வழக்கம். பெண் பார்க்கப் போவதற்கும், வீடு மாறுவதற்கும், ஆஸ்பத்திரிக்குப் போகலாமா என்பதற்கும் பூக்கட்டிப் பார்த்த ஜனங்கள் நாங்கள். ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, இன்னொன்றில் சிவப்புப் பூ. சாமி முன்னால் குலுக்கிப் போட்டு ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் உத்தரவு, சிவப்பு வந்தால் இல்லை. எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்கவே கூடாது. அப்படியே கொண்டுபோய் ஓடையில் விட்டுவிட வேண்டும்.

தம்பி சொன்னான்: “அக்கா, கங்காணி வர்றது ஒரு அத்தியாயம்தானே. எடுத்துட்டா பூவும் வேணாம், வம்பும் வேணாம்.”

ஈப்போ அச்சகத்திலிருந்து அவன் கொண்டுவந்து கொடுத்த கடைசிப் புரூப் என் மடியில் இருந்தது. ஒரு வார்த்தை சொன்னால் அந்த அத்தியாயத்தைக் கழற்றிவிடுவார்கள். “உன் லாரில ஒரு சக்கரத்தக் கழட்டிட்டு தாப்பா ரோட்டுல எறங்கு பாப்போம்” என்றேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம், வேலை முடிந்த கையோடு கோயிலில் கூட்டம் சேர்ந்துவிட்டது. என்னோடு ஒரே மலையில் கொழுந்து எடுத்த பெண்கள் கூடையைக்கூட இறக்காமல் வந்து நின்றார்கள். பொட்டலங்களைத் தலைவர் வீட்டிலேயே கட்டி எடுத்து வந்திருந்தார்கள். முனிக்குச் சுருட்டுப் பற்றவைத்து, கற்பூரம் காட்டி, பூசாரி தட்டைக் குலுக்கினார். “சம்பந்தப்பட்டவளே எடுக்கட்டும்” என்றார் தலைவர், பெரிய மனசோடு.

எடுத்தேன். பிரித்தேன். சிவப்பு ரோஜா.

கூட்டத்தில் ‘ச்சு’ கொட்டும் சத்தம். தலைவர் கைகூப்பிக் கண்ணை மூடினார். அந்த முகத்தில் இருந்த நிம்மதிதான் என்னை உசுப்பியது. சாமி என்ன சொல்லுமோ என்று பயந்து நின்றவன் முகம் இல்லை அது. பூசாரி தட்டை நகர்த்துவதற்குள் கையை நீட்டி, பிரிக்கக்கூடாத இன்னொரு பொட்டலத்தையும் எடுத்துக் கிழித்தேன்.

அதிலும் சிவப்பு ரோஜா. அதே செடியில் பறித்ததாகக்கூட இருக்கலாம்.

இரண்டு பூவையும் இரண்டு கையிலும் தூக்கிக் காட்டினேன். ஒருத்தர் வாயும் திறக்கவில்லை. அகப்பட்டுக்கொண்டான் மனுஷன், இனி என்ன சொல்வான் என்று நான் பார்த்துக்கொண்டிருக்க, தலைவர் சாவகாசமாகக் கண்ணைத் திறந்தார்.

“பாத்தீங்களா, முனி எவ்ளோ கோவத்துல இருக்காருன்னு! வெள்ளையவே செவப்பாக்கிட்டாரு!”

பூசாரி மணியை அடித்தார். கூட்டம் அப்படியே தலைக்குமேல் கைகூப்பியது. என்னோடு பத்து வருஷம் ஒரே நிரையில் நின்றவள், அந்தக் கதையை முதன்முதலில் எனக்குச் சொன்னவள், அவளும் கைகூப்பினாள். என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்தாள். தலைவர்மேல் எனக்கு வந்தது சாதாரணக் கோபம்தான். இந்தப் பெண்கள்மேல் வந்ததைச் சொல்ல எனக்கு வார்த்தை போதாது. ரெண்டு கண்ணும் இருந்ததே, ரெண்டு பூவையும் பார்த்தார்களே! உங்கள் கதையைத்தானே நான் காப்பாற்றிக்கொண்டு நிற்கிறேன் என்று கத்த வேண்டும் போல இருந்தது. பூக்களைக் கீழே போட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மறுநாள் தம்பியிடம் புரூப்பைக் கொடுத்து, ஒரு எழுத்தைக்கூட மாற்றக்கூடாது என்று அச்சகத்துக்குச் சொல்லி அனுப்பினேன். மண்டபம் கிடைக்கவில்லை. தம்பியின் முதலாளி, கம்போங் ராஜாவில் இருந்த தன் காய்கறி ஸ்டோரைக் கொடுத்தார். “ஞாயித்துக்கெழம சும்மாதான் கெடக்கும். கோஸ் வாசன வரும், பரவால்லையா?” என்றார். பரவாயில்லை என்றேன்.

நான் ஒட்டிய நோட்டீஸெல்லாம் செய்யாத விளம்பரத்தை அந்த இரண்டு பொட்டலமும் செய்தன. முனி வெள்ளைப் பூவைச் சிவப்பாக்கிய செய்தி காய்கறி லாரிகளோடு இறங்கி ஈப்போ வரைக்கும் போய்விட்டது. ஒரு பத்திரிகைக்காரர் கேமராவோடு வருவதாகச் சொல்லி அனுப்பினார். வெளியீட்டு நாளில் ஸ்டோர் கொள்ளாத கூட்டம். எஸ்டேட் பெண்கள் தம்பி லாரியிலேயே வந்து இறங்கினார்கள். அவர்களைப் பார்த்து நான் சிரிக்கவில்லை. வாங்க என்றுகூடச் சொல்லவில்லை. கோஸ் கூடைகளைக் கவிழ்த்துப் போட்டுப் பின் வரிசையில் உட்கார்ந்துகொண்டார்கள்.

எனக்குப் பக்கத்து நாற்காலியில் யார் வந்து உட்கார்ந்தார் என்கிறீர்கள்? தலைவர்தான். யாரும் அழைக்கவில்லை. கையில் ஒரு ரோஜா மாலையோடு நேராக மேடைக்கு வந்து, கேமராவுக்கு முகம் தெரிகிற பக்கமாக நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார். முதலாளி மரியாதைக்கு மைக்கை நீட்ட, அதையும் வாங்கிக்கொண்டார்.

“நம்ம எஸ்டேட்டுப் புள்ள, நம்ம தங்கச்சி. மொதல்ல முனி உத்தரவு குடுக்கல. அப்பறம் நானே தங்கச்சிக்காக வெரதம் இருந்து மறுபடியும் பூ கட்டிப் பாத்தேன். வெள்ளப் பூ குடுத்துட்டாரு! மொதப் பிரதிய நான்தான் வாங்கிக்கணும்னு அவரே…”

நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். மைக்கைப் பிடுங்கியிருப்பேன், சந்தேகமே வேண்டாம். அதற்குள் பின் வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. மலையில் நிரைக்கு நிரை கேட்குமே, அதே கத்தல்.

“கங்காணி வந்துட்டாரு, உப்பு கொண்டா!”

அன்று தரையைப் பார்த்தவளின் குரல் அது. உடனே பின் வரிசை முழுக்கச் சிரிப்பு வெடித்தது. ஈப்போ பத்திரிகைக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனால் அவரும் சிரித்தார். தலைவருக்குப் புரிந்தது. இந்த எஸ்டேட்டில் பிறந்தவருக்கு அது எப்படிப் புரியாமல் போகும்? பேச்சை நிறுத்தி மைக்கை மேஜைமேல் வைத்துவிட்டார்.

இடுப்பிலிருந்து எடுத்த ஒரு சின்னப் பொட்டலம் கை மாறிக் கை மாறி முன்னால் வந்தது. முன் வரிசையில் இருந்தவர் அதைக் கோயில் பிரசாதம் என்று நினைத்தாரோ என்னவோ, எழுந்து பவ்யமாகத் தலைவர் கையிலேயே கொடுத்தார். தலைவரும் பழக்க தோஷத்தில் இரண்டு கையாலும் வாங்கி, கண்ணில் ஒற்றிக்கொண்டு பிரித்தார். ஈரத்தில் கட்டிதட்டிய உப்பு. கேமரா பளிச்சென்று ஒரு முறை வெட்டியது. மாலையை மேஜைமேல் விட்டுவிட்டு அவர் இறங்கிப் போனார்.

உப்பு வந்ததும் என் கோபம் கரைந்துவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். கோயிலில் கத்தியிருக்க வேண்டியதை அவர்கள் ஸ்டோரில் கத்தினார்கள். அது எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை, அவர்களிடமே பல தடவை சொல்லிச் சண்டை போட்டிருக்கிறேன். ஆனாலும் அன்று முதல் பிரதியை எடுத்துக்கொண்டு மேடையிலிருந்து இறங்கினேன். வரிசைகளுக்கு நடுவே நடந்து, கோஸ் கூடைமேல் உட்கார்ந்திருந்தவள் முன்னால் போய் நின்றேன்.

“அன்னிக்கி ஏன் வாயத் தொறக்கல?” என்று கேட்டேன்.

“பயமா இருந்துச்சு” என்றாள்.

புத்தகத்தை அவள் மடியில் வைத்தேன்.