அடுத்த காம்பராவுக்குக் கேட்ட குத்து

ஹட்டன் டவுனில் ஒரு கடை மாடியில் பெண்களுக்குக் கராத்தே வகுப்பு நடக்கிறது என்று கேள்விப்பட்டதும் போய்ச் சேர்ந்துவிட்டேன். பஸ்ஸில் ஒருவன் இடுப்பைத் தொட்டபோது வாயடைத்து நின்ற கோபம் ஒரு மாதமாக என்னைத் தூங்கவிடவில்லை. எனக்குப் பொறுமையும் கிடையாது. முதல் நாளே யாரையாவது குத்த வேண்டும் போலிருந்தது.

சொல்லிக்கொடுக்கிற அம்மா, தொங்கிய சாக்கில் நான் விட்ட குத்தைப் பார்த்துச் சிரித்தார். "கொழுந்து கிள்ளுற கையி. சாக்குல படுறப்போ மணிக்கட்டு மடங்குது. இப்பிடிக் குத்துனா ஒங்க கைதான் ஒடியும்." தோட்டத்தில் பன்னிரண்டு வருஷமாகத் தேயிலை கிள்ளிய பழக்கம், உடனே போகுமா? குதிகாலை ஊன்றி, இடுப்பைத் திருப்பி, மணிக்கட்டை நேராக வைத்துக் குத்த வேண்டும். பலம் தோளில் இல்லை, காலிலிருந்து வருகிறது என்றார்.

வீட்டில் உரச்சாக்கில் பழந்துணியை அடைத்துத் தொங்கவிட்டேன். காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போகுமுன் ஐம்பது குத்து, மலையிலிருந்து இறங்கியதும் ஐம்பது. சோறு கொதிக்கும்போதும் கை சும்மா இருக்காது. "சோத்தையும் குத்திப்புடாத" என்பார் என் வீட்டுக்காரர், தேங்காய் துருவிக்கொண்டே.

ஒரு ஞாயிறு மத்தியானம், வரிசை வீடான எங்கள் லயத்தில் அடுத்த காம்பராவில் இருக்கும் அக்கா கதவைத் தட்டினார். முகம் வெளுத்திருந்தது. "தங்கச்சி, அவரு ஒன்னய அடிக்கிறாரா?"

சாக்கைக் காட்டினேன். எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அவர் சிரிக்கவில்லை.

"நடுவுல ஒரு செவருதானே. சத்தம் கேட்டுச்சு, அதான் வந்தேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதன்பிறகு சாக்கின் முன்னால் நிற்க முடியவில்லை. அக்காவை அவர் புருஷன் அடிக்கிற சத்தம் அதே சுவர் வழியாக எங்களுக்கும் கேட்கும். ஐந்து வருஷமாகக் கேட்கிறது. கேட்கும்போதெல்லாம் நான் டிவி சத்தத்தைக் கூட்டி வைத்திருக்கிறேன். பஸ்ஸில் எனக்காக ஒருத்தரும் வாய் திறக்கவில்லையே என்று லயம் முழுக்கத் திட்டித் திரிந்தவள் நான். வெட்கமாக இருந்தது. உட்கார முடியவில்லை, சும்மா வாசலுக்கும் அடுப்புக்கும் நடந்துகொண்டிருந்தேன்.

வியாழக்கிழமை வேலை முடிந்து வந்து முகம் கழுவினேன். அந்தப் பக்கம் அந்தச் சத்தம். பழக்கத்தில் கை ரிமோட்டை எடுத்துவிட்டது. கீழே வைத்துவிட்டு வெளியே போனேன். வீட்டுக்காரரும் பின்னாலேயே வந்தார். அக்காவின் கதவை ஓங்கி இடித்தேன். மணிக்கட்டு மடங்கவில்லை.

அவர் புருஷன் கதவைத் திறந்தார். "என்னா?"

"சத்தம் கேட்டுச்சுண்ணே" என்றேன். "அதான் வந்தேன்."