கொம்பு ஊதும் தோட்டம்

பிரிக்பீல்ட்ஸில் நண்பர்கள் சேர்ந்து ஓர் இலக்கியப் பத்திரிகை நடத்தினோம். ஒவ்வோர் இதழும் அச்சானதும் முதல் பிரதியை வாங்க ஒருவர் வந்துவிடுவார். சீருடை கிடையாது, ஆனாலும் அவர் போலீஸ் என்று தெருவுக்கே தெரியும். வெள்ளைச் சட்டை, எண்ணெய் வழிய வாரிய தலை. ஒவ்வொரு வரியையும் விரலால் தடவிக்கொண்டே வாய்க்குள் படிப்பார். அந்த விரல் எங்கே நிற்குமோ என்று அதையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஒருமுறை தொடர்கதையில் நின்றது. ரப்பர்த் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை ஒரு தொழிலாளியை உதைக்கும் கட்டம். எழுதியவர் கிள்ளான் பக்கத்துத் தோட்டத்துக் கிராணி, அதாவது குமாஸ்தா. புனைபெயரில்தான் எழுதினார், ஆள் தெரிந்தால் வேலை போய்விடும்.

"காலையில பெரட்டுல பேர் எடுத்து வேலைக்கு அனுப்ப ஆள் கூப்பிட எல்லாத் தோட்டத்துலயும் மணிதான் அடிப்பாங்க. இதுல கொம்பு ஊதுறாங்களே, அண்ணே?" என்று கேட்டார் அவர்.

"சும்மா கற்பனைங்க." என்று சொல்லிவைத்தேன்.

"கொம்பு ஊதுற தோட்டம் இந்தப் பக்கம் ஒண்ணுதான் இருக்கு. அடுத்த மாசம் மணின்னு போட்டுருங்க."

அப்படியே போட்டோம். அடுத்த இதழில் அவர் விரல் 'மணி' என்ற சொல்லில் நின்றது. நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது: வெறும் கற்பனை என்றால் நான் ஏன் மாற்ற வேண்டும்? மாற்றியதாலேயே அது நிஜத் தோட்டம் என்று ஒப்புக்கொண்டுவிட்டேன்.

கிராணிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் இன்றும் 'மணி' என்று எழுத நேர்ந்தால் அந்தச் சிரிப்பு நினைவுக்கு வந்துவிடுகிறது.