சட்டைப் பையில் சாவி

சால்மன் ஆற்றில் படகு விட வருகிறவர்கள் மூளையைக் கரையிலேயே கழற்றி வைத்துவிட்டுப் போகிறார்கள் என்பது வெர்டாவின் தீர்மானமான கருத்து. மலைகளைப் பிளந்துகொண்டு அந்த ஆறு போகும் பள்ளத்தாக்கில் சாலை கிடையாது. ஏறும் இடத்தில் வண்டியை விட்டுவிட்டு, ஒரு வாரம் கழித்து மலைக்கு அந்தப் பக்கம் கரையேறுவார்கள். அப்போது வண்டி அங்கே நிற்க வேண்டும். மலையைச் சுற்றி அதை ஓட்டிக்கொண்டு போய் நிறுத்துவதுதான் வெர்டாவுக்கும் அவள் புருஷன் ஆரினுக்கும் பிழைப்பு.

அவள் கேட்பது ஒன்றே ஒன்றுதான். சாவியைக் கொடுத்துவிட்டுப் போங்கள். அதைத்தான் மறப்பார்கள். ஆற்றில் மூழ்காமலிருக்கப் போடும் மிதவைச் சட்டையின் பையில் சாவி இருக்கும், ஆள் ஆற்றோடு போயிருப்பான், வண்டி மட்டும் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும்.

"ஐஸ் பெட்டிய மறக்கல, மீன் தூண்டில மறக்கல, சாவிய மட்டும் எப்படிய்யா மறக்குறானுங்க?" என்று தலையில் அடித்துக்கொள்வாள்.

படகிலிருந்து ஆற்றில் விழுந்தவன் தன் ஈர ஷூவில் பியர் ஊற்றி ஒரே மூச்சில் குடிக்க வேண்டும் என்பது படகுக்காரர்கள் வழக்கம். வெர்டா அதைச் சாவி மறந்தவர்களுக்கும் விதித்தாள். ஒரு வாரச் சேறு ஊறிய ஷூ. அவர்கள் கரையேறும் இடத்தில் பியர் டப்பாவோடு நின்று, கடைசிச் சொட்டுவரை பார்த்த பிறகுதான் நகர்வாள். ஒரு பாதிரியாரைக்கூட விட்டதில்லை.

அவள் தம்பி கேல் படகு ஓட்டுகிறவன். வருஷா வருஷம் அவளையும் படகில் வரச்சொல்லிக் கூப்பிடுவான்.

"நான் வந்துட்டா வண்டிய யாருடா பாக்குறது? இந்த மனுஷனா?" என்பாள்.

ஆரின் அதைக் கேட்டுக்கொண்டே ஏதாவது ஒரு வண்டியின் டயரைத் தட்டிப் பார்ப்பார். ஆனால் ஆற்றின் இரண்டு முனைகளையே பார்த்துப் பார்த்து, நடுவில் என்னதான் இருக்கிறது என்ற ஏக்கம் அவளுக்குள் இருந்தது. இந்தக் கோடையில் டாக்டர் அவள் முழங்கால்களைப் பார்த்துவிட்டு, அடுத்த வருஷம் படகெல்லாம் நினைக்கவே வேண்டாம் என்றார். அதனால்தான் கிளம்பினாள்.

கிளம்பும்போதும் அவள் வாய் ஓயவில்லை. "சாவி எங்க? சாவியக் குடுங்கய்யா!" என்று கேல் கூட்டத்தின் மூன்று வண்டிச் சாவிகளையும் வாங்கினாள். ஆரினுக்கு எந்த வண்டியில் பிரேக் இழுக்கும் என்று பாடம் எடுத்தாள். படகேறினாள்.

மதியம் ஒரு மணல்திட்டில் சாப்பிட ஒதுங்கினார்கள். உதட்டுக்குத் தடவும் களிம்பைத் தேடி மிதவைச் சட்டைப் பைக்குள் கைவிட்டாள். மூன்று சாவிகளும் அங்கே இருந்தன. வாங்கிய சாவியை எப்போதும் சட்டைப் பையில் போடுகிற பழக்கத்தில் இதிலும் போட்டிருந்தாள்.

"என்னக்கா, பேயறஞ்ச மாதிரி நிக்கிற?" என்றான் கேல். அவள் கையை விரித்துக் காட்டினாள். அவன் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த ரொட்டி மணலில் விழுந்தது.

"சிரிக்காதடா எருமை! மூணு வண்டிய வச்சுக்கிட்டு அந்த மனுஷன் அங்க என்ன பண்ணுவாரு?" அவளுக்கு அவமானத்தில் அழுகையே வந்துவிட்டது.

அப்போது பின்னாலிருந்து விசைப்படகுச் சத்தம் கேட்டது. வேட்டை விடுதிகளுக்குச் சாமான் கொண்டுபோகும் டாரலின் படகு. வெர்டா தன் பையைக் கட்டினாள். சாவியோடு இதிலேயே திரும்ப வேண்டியதுதான், அவ்வளவுதான் தன் ஆறு என்று நினைத்துக்கொண்டாள். முழங்கால் வலிக்க வலிக்கத் தண்ணீரில் இறங்கிப் போய், விசைப்படகின் விளிம்பைப் பிடித்து ஒரு காலைத் தூக்கினாள்.

"அக்கா, காலக் கீழ வைங்க" என்றான் டாரல். "ஆரின் சாவிய மட்டும்தான் வாங்கிட்டு வரச் சொன்னாரு. நீங்க ஏறப் பாப்பீங்களாம். ஏத்துனா என் வண்டிய இந்த ஜென்மத்துல ஓட்டித் தரமாட்டாராம்."

வெர்டா சாவிகளை அவன் கையில் வைத்தாள். கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள்.

"வேற என்னடா சொன்னாரு?"

"ஷூவ மட்டும் கழுவ வேணாம்னாரு."